இரண்டு தவறு வரை மன்னிப்பு உண்டு

கம்ப்யூட்டர் கேம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது துப்பாக்கி, கார் ரேஸ், கிரிக்கெட், இந்த மூன்றும்தான். ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, வரிசையில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தி அனுப்புவதும் ஒரு கேம்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இதைக் காசு கொடுத்து வாங்கி வேறு ஆட வேண்டுமா, ஏதாவது ஒரு அலுவலகத்தில் போய் அரை நாள் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் 2013 ஆகஸ்டில் வெளிவந்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' அப்படிப்பட்ட கேம்தான். ஜப்பானில் வசித்த லூகாஸ் போப் என்ற அமெரிக்கர் ஏறக்குறைய தனி ஆளாக உருவாக்கியது. அதற்கு முன்பு அவர் நாட்டி டாக் நிறுவனத்தில் 'அன்சார்ட்டட்' போன்ற பெரிய பட்ஜெட் கேம்களில் வேலை பார்த்தவர். விமான நிலையங்களில் குடிவரவு அதிகாரிகள் வேலை செய்வதைப் பார்த்துத்தான் இந்த யோசனை அவருக்கு வந்தது. மங்கலான நிறங்கள், கட்டம் கட்டமான முகங்கள், ஒரே மேஜை, ஒரே ஜன்னல். அவ்வளவுதான். ஆனால் 2014ல் பாஃப்டா விருது வாங்கியது. பிறகு ஐபேடுக்கு வந்தது, 2022ல் மொபைலுக்கும் வந்துவிட்டது.

இத்தனை பேரை இந்த முத்திரை குத்தும் வேலை ஏன் பிடித்து உலுக்கியது? "நல்லவனா கெட்டவனா" என்ற பழைய கேள்வியை இந்த கேம் கேட்கவே இல்லை. அது கேட்கிற கேள்வி, "எவ்வளவு செலவு வரை நீ நல்லவன்?" என்பது. இந்தக் கட்டுரை அந்தச் செலவுக் கணக்கைப் பற்றியது.

(ஆடாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கதையின் சில பகுதிகள் கீழே வருகின்றன.)

லாட்டரியில் விழுந்த வேலை

கதை 1982ல் நடக்கிறது. ஆர்ஸ்டாட்ஸ்கா என்பது கற்பனையான ஒரு சர்வாதிகார நாடு. பக்கத்து நாடான கொலெச்சியாவுடன் ஆறு வருடம் நடந்த போர் அப்போதுதான் முடிந்திருக்கிறது. கிரெஸ்டின் என்ற ஊர் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பழைய பெர்லின் நகரம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. அந்த எல்லையில் சோதனைச் சாவடி திறக்கப்படுகிறது. அரசு நடத்தும் வேலை லாட்டரியில் ஒருவர் பெயர் விழுகிறது. அவர்தான் அதிகாரி. ஆடுபவரின் கையில் இருக்கும் பாத்திரமும் அவர்தான்.

அந்த அதிகாரிக்குக் கேமில் பெயரே கிடையாது. முகமும் கிடையாது. ஆனால் குடும்பம் உண்டு. மனைவி, மகன், மாமியார், மாமா என்று நான்கு பேர். அரசு கொடுத்த வீட்டுக்கு வாடகை கட்ட வேண்டும். சாப்பாடு வேண்டும். குளிர்காலம் என்பதால் வீட்டைச் சூடாக்கும் செலவு வேறு. யாராவது படுத்துவிட்டால் மருந்து.

வருமானம்? மாதச் சம்பளம் இல்லை. சரியாகச் சோதித்து முடித்த ஆளுக்கு 5 கிரெடிட். அதாவது பீஸ் ரேட். காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை எத்தனை பேரை முடிக்கிறாரோ அத்தனை ஐந்து.

முதல் நாள் வேலை சுலபம். சொந்த நாட்டுக்காரர்களை மட்டும் விட வேண்டும். அடுத்த நாள் வெளிநாட்டவரையும் விடலாம் என்கிறார்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு புதிய உத்தரவு. நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். உள்நாட்டவருக்கு அடையாள அட்டை வேண்டும். வேலைக்கு வருகிறவருக்கு வேலை அனுமதி வேண்டும். தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். பெயர், பிறந்த தேதி, முத்திரை, எடை, படம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். காகிதங்கள் கூடக் கூட மேஜையில் இடம் இல்லாமல் போகிறது. நேரம் ஓடுகிறது. வரிசை குறைவதே இல்லை. நடுவில் ஒரு நாள் யாராவது வேலி தாண்டிக் குண்டு வீசினால் சாவடியை மூடிவிடுவார்கள். அன்றைய மிச்சச் சம்பளமும் அதோடு போச்சு. குண்டு வீசியது அதிகாரி இல்லை. ஆனால் இரவில் அடுப்பு எரியாமல் இருப்பது அவர் வீட்டில்.

தவறு செய்தால் மேஜையில் இருக்கும் சின்ன இயந்திரம் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பும். நம் ஊர் பாஷையில் சொன்னால் மெமோ. யாரைத் தவறாக உள்ளே விட்டார், எந்த விதி மீறப்பட்டது என்று அதில் இருக்கும். அந்த நபர் கண்ணை விட்டு மறைவதற்குள் மெமோ வந்துவிடும். அதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு நாளில் முதல் இரண்டு மெமோவுக்கு அபராதம் கிடையாது, எச்சரிக்கை மட்டும். மூன்றாவதிலிருந்து 5 கிரெடிட் பிடித்தம். அதற்கு மேல் தொகை ஏறிக்கொண்டே போகும்.

இந்த இரண்டு இலவச மெமோதான் இந்த கேமின் இதயம்.

கணவன் போய்விட்டான், மனைவி நிற்கிறாள்

ஐந்தாம் நாள். ஒருவர் வருகிறார். காகிதங்கள் எல்லாம் சரி. முத்திரை குத்தியதும் போகிற போக்கில், அடுத்து வருவது என் மனைவி, கொஞ்சம் தயவு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து அவள் வருகிறாள். பாஸ்போர்ட் இருக்கிறது. நுழைவு அனுமதி இல்லை. ஏன் என்று கேட்டால், அங்கே கொடுக்க மறுத்துவிட்டார்கள், திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள்.

விதிப்புத்தகத்தின்படி சிவப்பு முத்திரை. மனசாட்சியின்படி பச்சை.

இங்கே பெரும்பாலோர் பச்சை குத்திவிடுவார்கள். ஏனென்றால் ஒரு மெமோதானே, அபராதம் இல்லையே! நன்றி சொல்லி ஒரு சின்ன டோக்கன் கூடக் கொடுத்துவிட்டுப் போவாள். மனசுக்கும் நிறைவாக இருக்கும்.

ஆனால் அன்று காலையிலேயே அந்த அதிகாரி கவனக்குறைவாக இரண்டு பேரின் தேதியைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால்? இரண்டு இலவசமும் காலி. இப்போது அந்தப் பெண்ணை உள்ளே விட்டால் பணம் பிடிப்பார்கள். வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். அதே பெண், அதே கண்ணீர், அதே அதிகாரி. பதில் மட்டும் மாறிவிடுகிறது. காரணம் அவளுடைய கதை இல்லை. காலையில் யாரோ ஒருவருடைய காலாவதியான சீட்டை அவசரத்தில் கவனிக்காமல் விட்டதுதான்.

கருணை என்பது மனசில் ஊறுகிற ஒன்று, அளவில்லாதது என்றெல்லாம் எழுதுவது சுலபம். இந்த கேம் அதற்கு ஒரு எண்ணைப் போட்டுக் காட்டுகிறது. நாளுக்கு 2. கேம் நடப்பது 31 நாள், ஆகக் கணக்குப்படி 62. அதில் சொந்தக் கவனக்குறைவுக்குப் போனது எத்தனை, அடுத்தவருக்காக மிச்சம் இருந்தது எத்தனை என்று ஆடி முடித்த யாரும் எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு பாடம் இருக்கிறது. இரக்கம் காட்ட வேண்டும் என்றால் முதலில் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்! சாதாரணக் கேஸ்களில் கவனமாக இருக்கிற அதிகாரிக்குத்தான் அசாதாரணக் கேஸில் கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்கும். "மனசு நல்ல மனசு, ஆனால் வேலையில் கொஞ்சம் அப்படி இப்படி" என்று சிலரைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்த வகை ஆள் இந்தச் சாவடியில் யாரையும் காப்பாற்ற மாட்டார்.

புண்ணியக் கணக்கு மீட்டர் எங்கே?

நல்லது கெட்டது தேர்வு செய்யச் சொல்கிற கேம்கள் இதற்கு முன்பும் நிறைய வந்திருக்கின்றன. 2003ல் வந்த 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்', 2004ல் வந்த 'ஃபேபிள்', 2007ல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் அவற்றில் ஒரு அளவுகோல் இருக்கும். நல்லது செய்தால் ஒரு பக்கம் ஏறும், கெட்டது செய்தால் மறுபக்கம். 'ஃபேபிள்' கேமில் கெட்டது செய்துகொண்டே போனால் ஹீரோவின் தலையில் கொம்பே முளைக்கும். அதனால் என்ன ஆகிறது? ஆடுபவர் நியாயத்தை யோசிப்பதில்லை, பாயின்ட்டை யோசிக்கிறார். அதற்கு நீதி என்று பெயர் இல்லை, சீட்டுப் பணம் கட்டுவது மாதிரி ஒரு சேமிப்பு.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' அந்த மீட்டரை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் ஒரு வரவு செலவுச் சீட்டை வைத்தது. ஒவ்வொரு இரவும் கறுப்புத் திரையில் அது வரும். சேமிப்பு, சம்பளம், அபராதம், வாடகை, சாப்பாடு, சூடு. கீழே குடும்பத்தினர் பெயருக்கு எதிரே அவர்கள் நிலைமை: நலம், பசி, குளிர், நோய். கடைசியில் மரணம்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று வைத்தால் இன்னொரு பக்கம் வரவு இருந்தே தீர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு கணக்கே இல்லை. அந்தக் கண்ணால் அந்த இரவுச் சீட்டைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். அதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இன்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அதில் ஒரு வரி கிடையாது. கைது செய்து இழுத்துச் செல்லப்பட்டவருக்கு ஒரு வரி கிடையாது. மெமோ இல்லாத நாள் என்றால் அது நல்ல நாள், அவ்வளவுதான். ஒரு அமைப்பு எதை எழுதி வைக்கிறதோ அதற்குத்தான் அதில் இருப்பவர் பயப்படுவார். எழுதாததை மெல்ல மெல்ல மறந்துவிடுவார். இந்த மறதிதான் கொடூரம். அதற்கு யாரும் வில்லனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வேலையை நன்றாகச் செய்ததற்கு ஒரு நாள் மேலதிகாரி வந்து சுவரில் மாட்ட ஒரு பாராட்டுப் பலகை கொடுக்கிறார். காசு இல்லை, பலகை மட்டும்! மகன் வரைந்து கொடுத்த படத்தை அதே சுவரில் மாட்டினால் அதே மேலதிகாரி கண்டிக்கிறார். அலுவலகம் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

விதி எப்போதும் எதிரியா?

இத்தோடு நிறுத்தினால், "சட்டம் கெட்டது, இரக்கம் நல்லது" என்ற சினிமா வசனமாகிவிடும். கேம் அந்த வசதியைக் கொடுப்பதில்லை.

இன்னொரு பெண் வருகிறாள். அவள் காகிதங்களில் குறை இல்லை. போகும்போது ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளிவிட்டுப் போகிறாள். பின்னால் வரிசையில் ஒருவன் நிற்கிறான், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லித் தன்னையும் தங்கையையும் பாலியல் தொழிலில் தள்ளப் போகிறான், அவனை உள்ளே விடாதீர்கள் என்று அதில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவன் வருகிறான். அவன் காகிதங்களும் பக்கா. ஒரு குறை சொல்ல முடியாது. விதிப்படி விட வேண்டும். விட்டால், பின்னால் செய்தித்தாளில் ஒரு இரவு விடுதியில் பெண்கள் கொல்லப்பட்டதாகச் செய்தி வரும். நிறுத்தினால் மெமோ வரும்.

இங்கே நிறுத்துவதுதான் சரி என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த நேரத்தில் அதிகாரியிடம் இருந்த ஆதாரம் என்ன? பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பழைய பகையில் யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாமே. துண்டுச் சீட்டை நம்பி ஆளை நிறுத்துகிற அதிகாரி, நாளைக்கு இன்னொரு துண்டுச் சீட்டை நம்பி நிரபராதியையும் நிறுத்துவார்.

அந்தச் சந்தேகத்தை இன்னொரு சம்பவம் கூர்மையாக்குகிறது. மகளைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் வருகிறார். கொன்றவனின் படத்தைக் காட்டுகிறார். அவன் வரும்போது பாஸ்போர்ட்டைப் பறித்துத் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறார். எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அந்தத் தகப்பன் மேல் இரக்கப்படாதவர் யார்? ஆனால் அந்த இரக்கம் ஒரு கொலைக்குத் துணை போகிறது. அதிகாரி ஒரே நாளில் போலீஸ், நீதிபதி, தண்டனை நிறைவேற்றுபவர் எல்லாம் ஆகிவிடுகிறார்.

விதிப்புத்தகம் இல்லையென்றால் அந்த ஜன்னலில் மிச்சம் இருப்பது ஒரு தனி மனிதரின் மனநிலை மட்டும்தான். அவருக்குப் பிடித்த முகம் உள்ளே, பிடிக்காத முகம் வெளியே. இந்த ஆபத்தும் உண்மையானது. ஆர்ஸ்டாட்ஸ்காவிலேயே விதியை ஆணித்தரமாகப் பேசும் மேலதிகாரி, தனக்கு வேண்டிய ஒரு பெண் வரும்போது மட்டும் காகிதத்தைப் பார்க்காமல் விடச் சொல்கிறார். விதியைத் தளர்த்துவது எல்லாம் கருணை ஆகிவிடாது. பல சமயம் அது சிபாரிசுதான்.

ஆனால் விதியே கெட்டுப்போகும் நாளும் வருகிறது. கொலெச்சியாக்காரன் ஒருவன் குண்டு வைத்தான் என்பதற்காக, கொலெச்சியாவிலிருந்து வருகிற எல்லோரையும் உடல் சோதனை செய்யச் சொல்லி உத்தரவு வருகிறது. கிழவி, நோயாளி, வேலை தேடி வந்தவன் எல்லோரும் ஒவ்வொருவராக ஸ்கேனர் முன்னால் நிற்க வேண்டும். அங்கே அதிகாரி எந்தத் தவறும் செய்யவில்லை. மெமோ எதுவும் வராது. ஒரு நாட்டு மக்கள் மொத்தத்தையும் அவமானப்படுத்திவிட்டு, சுத்தமான ரெக்கார்டோடு வீட்டுக்குப் போகலாம்.

"எல்லாம் குடும்பத்துக்காக"

தவறு செய்கிற அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இரண்டு. ஒன்று, மேலே சொன்னார்கள், செய்தேன். இன்னொன்று, எனக்கும் குடும்பம் இருக்கிறது. முதலாவதை எளிதாகத் தள்ளிவிடலாம். இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது. கேமிலும் அது வெறும் சாக்கு இல்லை. சூடு இல்லாத வீட்டில் நிஜமாகவே மாமா சாகிறார். குடும்பம் மொத்தமும் போய்விட்டால் வேலையும் போய்விடும்.

ஆனால் அந்தச் சமாதானம் எந்த இடம் வரை செல்லும் என்பதற்கு கேமே ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. காலென்ஸ்க் என்று ஒரு காவலர். ஒரு நாள் அதிகாரியிடம் வந்து ரகசியமாகப் பேசுகிறார். கைது செய்கிற ஆட்களின் எண்ணிக்கைக்குத் தனக்கு போனஸ் உண்டு, அதிகம் பேரைப் பிடித்துக் கொடுத்தால் அதில் பங்கு தருகிறேன் என்கிறார். அதுவரை காகிதத்தில் தவறு இருந்தால் சிவப்பு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினால் போதும். ஆள் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார். இப்போது அதே தவறுக்குக் கைது பட்டனை அழுத்தலாம். அதற்கும் மெமோ கிடையாது. சட்டப்படியே சரி!

முதல் வாரத்தில் பையனின் மருந்துக்காக அழுத்துவார்கள். அது புரிகிறது. பிறகு மருந்து வாங்கியாகிவிட்டது, வாடகை கட்டியாகிவிட்டது. ஆனாலும் விரல் அந்தப் பட்டனுக்குப் போகும். பெயரில் ஒரு சின்ன வித்தியாசம், கைரேகை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும். ஆனால் கைரேகை எடுக்க நேரமாகும், கைது செய்தால் காசாகும். இந்த இடத்தில் "குடும்பத்துக்காக" என்பது பொய்யாகிவிடுகிறது.

அன்றாடச் செலவுக்கு வேண்டியது வேறு, அதற்கு மேல் வருகிற லாபம் வேறு என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லும். குடும்பம் என்ற நியாயம் சாப்பாடு, சூடு, மருந்து வரை செல்லுபடியாகும். அதற்கு மேலே ஒரு கிரெடிட் வந்தால் கூட அது வியாபாரம். சரக்கு மனிதர்கள். லஞ்சம் வாங்குகிற எந்த அலுவலரையும் கேட்டால் பிள்ளையின் படிப்பைத்தான் சொல்வார். முதல் ரூபாய்க்கு அது உண்மையாக இருந்திருக்கலாம். பத்தாவது லட்சத்துக்கும் அதையே சொல்லும்போதுதான் சிக்கல்.

அபராதம் கட்டிய நிஜ அதிகாரிகள்

கேம்தானே, மறுபடி முதலிலிருந்து ஆடலாம், நிஜத்தில் யார் இப்படியெல்லாம் யோசிப்பார்கள் என்று சிலர் சொல்லலாம். யோசித்தவர்கள் இருக்கிறார்கள்.

பால் குரூனிங்கர் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மாநிலத்தில் போலீஸ் தலைவராக இருந்தவர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. அங்கிருந்த யூதர்கள் உயிர் பிழைக்க எல்லைக்கு ஓடி வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், விசா இல்லாதவர்களை விடக்கூடாது என்று சுவிட்சர்லாந்து எல்லையை மூடியது. குரூனிங்கர் என்ன செய்தார் தெரியுமா? காகிதத்தில் தேதியை மாற்றினார். எல்லை மூடப்படுவதற்கு முன்பே வந்தவர்கள் என்று தெரியும்படி பழைய தேதி போட்டு உள்ளே விட்டார். ஒருவர் இருவர் இல்லை, நூற்றுக்கணக்கானவர்கள். ஆயிரக்கணக்கில் என்று சொல்பவர்களும் உண்டு.

ஆர்ஸ்டாட்ஸ்கா பாஷையில் சொன்னால் அத்தனையும் மெமோ. அவருக்கு முதல் இரண்டு இலவசம் என்றும் யாரும் சொல்லவில்லை. 1939ல் வேலை போனது. ஓய்வூதியமும் போனது. 1940ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி 300 பிராங்க் அபராதம் போட்டது. அதற்குப் பிறகு நிலையான வேலை கிடைக்காமல் கிடைத்ததைச் செய்து பிழைத்தார். 1972ல் ஏழையாகவே இறந்தார். அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய 1995 வரை ஆனது. மனிதர் போய் 23 வருடம் கழித்து!

இன்னொருவர் ஹரால்ட் யேகர். கிழக்கு ஜெர்மனியின் ரகசிய போலீஸைச் சேர்ந்தவர். பெர்லினில் போர்ன்ஹோல்மர் வீதிச் சாவடியில் பாஸ்போர்ட் சோதனைக்குப் பொறுப்பாக இருந்தார். குரூனிங்கர் மாதிரி கலகக்காரர் இல்லை. இருபத்தைந்து வருடம் விதிப்படியே வேலை பார்த்தவர். 1989 நவம்பர் 9 இரவு, பயணக் கட்டுப்பாடு நீங்கியதாகத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு ஜனங்கள் அவர் சாவடி முன்னால் குவிந்துவிட்டார்கள். மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டார். தெளிவான பதில் இல்லை. கடைசியில் ஒரு உத்தரவு வந்தது. அதிகம் சத்தம் போடுகிறவர்களை மட்டும் வெளியே விடு, ஆனால் பாஸ்போர்ட்டில் படத்தின் மேல் முத்திரை குத்திவிடு. அந்த முத்திரை விழுந்தவர்கள் திரும்பி வர முடியாது. அவர்களுக்கு அது தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அப்படிப் போன ஒரு இளம் தம்பதி திரும்பி வந்தார்கள். குழந்தைகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், சும்மா பார்த்துவிட்டுத்தான் வந்தோம் என்றார்கள். உத்தரவுப்படி அவர்களை விடக்கூடாது. யேகர் விட்டார். அதன் பிறகு 11:30 மணி அளவில் கேட்டையே திறந்துவிடச் சொன்னார்.

இந்த இரண்டு பேரையும் அந்தச் சாவடி அதிகாரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். குரூனிங்கர் விலை தெரிந்தே கொடுத்தார். யேகர் 25 வருடம் கொடுக்காமல் இருந்து, ஒரு இரவில், ஒரு தம்பதியின் முகத்தைப் பார்த்த பிறகு கொடுத்தார். முதலாமவரைப் போல எல்லோரும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். வேலையையும் ஓய்வூதியத்தையும் இழக்கத் தயாராக இருப்பவர்களை நம்பி ஒரு எல்லையை நடத்த முடியாது. ஆனால் எந்த எல்லையும் ஆயிரக்கணக்கான சாதாரண அதிகாரிகளை வைத்துத்தான் நடக்கிறது. அவர்களுக்கு நாளுக்கு இரண்டு தவறு செய்ய இடம் இருந்தால் போதும், எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

யாருக்குக் கொடுப்பது?

இந்த கேமுக்கு 20 முடிவுகள் உண்டு. கடன்பட்டு ஜெயிலுக்குப் போகலாம். அரசைக் கவிழ்க்கப் பார்க்கும் ரகசியக் கூட்டத்தோடு சேரலாம். பாஸ்போர்ட்டுகளைத் திருடிக் குடும்பத்தோடு ஓப்ரிஸ்தானுக்கு ஓடலாம். கடைசி வரை விசுவாசமாக இருந்து வேலையைத் தக்க வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் பெரும்பாலும் பேசப்படுவது இந்த முடிவுகளைப் பற்றித்தான். எது "நல்ல முடிவு", எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது.

ஆனால் அதிகாரியின் குணம் 31ஆம் நாளில் தெரிவதில்லை. மெமோ இயந்திரம் இன்னும் ஒருமுறை கூடச் சத்தம் போடாத ஒரு சாதாரண நாளில், காகிதம் இல்லாத ஒருத்தி ஜன்னலில் நிற்கும்போது தெரிகிறது. இலவசமாகக் கிடைத்த இரண்டு தவறு கையில் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், சாயங்காலம் தன் கைத்தவறுக்கு உதவும். அல்லது இவளுக்குக் கொடுக்கலாம். மிச்சம் வைத்தாலும் அது நாளைக்குச் சேராது, மாலை 6 மணியோடு காலாவதி.

கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்காரும் வேலைக்குத்தான் இன்று கல்லூரியில் இருக்கும் பலரும் போகப் போகிறார்கள். வங்கி, இன்சூரன்ஸ், அரசுத் தேர்வு எழுதிக் கிடைக்கும் அலுவலகம் என்று எல்லா இடத்திலும் ஒரு ஜன்னல் உண்டு, ஒரு விதிப்புத்தகம் உண்டு, ஒரு காகிதம் குறைவாகக் கொண்டு வருகிற ஒரு பாட்டியும் உண்டு. துப்பாக்கி ஏந்திய காவலர்கள் அங்கே இல்லை. அபராதமும் அவ்வளவு கடுமை இல்லை. இரண்டுக்கு மேலேயே கூட இடம் இருக்கும்.

ஆடிப் பார்த்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்: ஐந்தாம் நாள் வந்த அந்த மனைவிக்கு எந்த முத்திரை குத்தினீர்கள்? அப்போது அன்றைய மெமோ எத்தனை?